வடக்கு வீதியின் முதற்கல்லும் கடைசிக் கல்லும்

இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்த முதல் வாரத்தில் மச்சாள் எனக்கு எப்படி நடப்பது என்று சொல்லித்தந்தார். மச்சாள் என் கணவரின் தமக்கை. சீசா என்ற பகுதியில் ஒரு நாலாம் மாடி வீட்டில் அவரும் அவரது கணவரும் இருந்தார்கள். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் நான். என் கணவர் இன்னும் கொழும்பில். தெருவில் பொலிஸ் நின்றால் வேகத்தைக் கூட்டக்கூடாது, குறைக்கவும் கூடாது. முகத்தைப் பார்க்கக்கூடாது, முகத்தைத் திருப்பவும் கூடாது. எந்நேரமும் கையில் ஒரு பாண் இருக்கவேண்டும். கடதாசியில் சுற்றிய நீளப் பாண், நுனி வெளியே தெரிகிற மாதிரி.

"பாணோடை போற பொம்பிளையை ஒருத்தரும் மறிக்கமாட்டினம். வீட்டிலை ஆக்கள் சாப்பிடக் காத்துக்கொண்டு இருக்கினமெண்டு நினைப்பினம்," என்றார்.

என்னிடம் பெர்மெசோ இல்லை. அந்த நாட்டில் இருப்பதற்கான அந்த அனுமதித் தாள் இல்லாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் அப்படித்தான் பாணோடு நடந்தேன். காலையில் வாங்கிய பாண் மாலையில் கல்லாகிவிடும். அதையும் கொண்டு நடப்பேன்.

அந்த வருடங்களில் பலெர்மோவின் தெருக்களில் இராணுவம் நின்றது. நீதிபதிகளின் வீட்டு வாசல்களில் இளம் பெடியன்கள் துவக்குகளோடு நின்றார்கள். மாபியாவுக்காகத்தான் நிற்கிறார்கள், எங்களுக்காக இல்லை என்று மச்சாளின் கணவர் பலமுறை விளங்கப்படுத்தினார். விளக்கம் தலைக்குள் போனது, கால்களுக்குப் போகவில்லை. நான் ஊரை விட்டு வெளிக்கிடும் காலத்தில், கண்டி வீதியில் ஒரு மைல்கல்லடியில் ஆமிக்காரர் எங்கள் பஸ்ஸை மறித்தார்கள். என் தம்பியை மட்டும் இறங்கச் சொன்னார்கள். பஸ் வெளிக்கிட்டது. யன்னலால் பார்த்தேன், அவன் கல்லுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். மாதங்கள் கழித்துத்தான் அவனை விட்டார்கள். ஒரு காது கேட்காமல் வந்தான். அதற்குப் பிறகு சீருடையைக் கண்டால் எனக்கு வாயில் இரும்பு ருசி வரும். சிறுநீர் முட்டும்.

வேலை, பிரான்காச்சோவைத் தாண்டிக் கடற்கரையை ஒட்டிய பழைய வீதியில், ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில். நான் அவரைச் சின்யோரா என்று கூப்பிடுவேன். சீசாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சமையல், துப்புரவு, மாத்திரை கொடுப்பது, குளிக்க வைப்பது, காலையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுவது. சின்யோரா எழுபது கடந்தவர். உயரம் குறைவு, குரல் பெரிது. ஒரே மகன் மிலானோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனுக்கு நான்தான் தொலைபேசியை அழுத்திக் கொடுப்பேன். சின்யோராவுக்கு அந்தச் சின்ன எண்கள் கண்ணுக்குத் தெரியாது.

அவருடைய கணவர் வீதி வேலைக்காரர். பலெர்மோ இருக்கும் தீவின் வடக்கு விளிம்போடு ஒரு பழைய நெடுஞ்சாலை ஓடுகிறது. கிழக்கே மெசினாவில் தொடங்கி, பலெர்மோவுக்குள்ளால் வந்து, மேற்கே திராப்பானியில் முடிகிறது. பெயரே வடக்கு வீதிதான். அந்த வீதியோரம் இடைக்கிடை செங்கல் நிறத்தில் அரசாங்க வீடுகள் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம். மழைக்கு உருண்டு விழும் பாறைகளை அகற்றுவது, புல் வெட்டுவது, கிலோமீற்றர் கற்களுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளையடித்துக் கறுப்பு மையால் எண்ணை எழுதுவது அவர்கள் வேலை. சின்யோரா கல்யாணம் முடித்த நாளிலிருந்து கணவரின் பென்சன் வரைக்கும் அப்படி ஒரு வீட்டில் இருந்தவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

"நாற்பது வருடம் இந்த வீதியைப் பார்த்துக்கொண்டார்," என்று ஒருநாள் நான் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சின்யோரா சொன்னார். "அதன் தலையையும் அவர் காணவில்லை, காலையும் காணவில்லை. தன்னுடைய துண்டை மட்டும்தான் கண்டார். பென்சன் எடுத்த பிறகு போவோம் என்றார். பிறகு முழங்கால் வலி, பிறகு இருதயம். நான் போய்ப் பார்க்கப் போகிறேன். நீ வருகிறாய்."

கேள்வியில்லை. வருகிறாய்.

பலெர்மோவுக்குள்ளேயே எந்தத் தெருவால் போகலாம், எதால் போகக்கூடாது என்று படித்து வைத்திருந்தேன். நகரத்துக்கு வெளியே நான் போனதே இல்லை. இரவு மச்சாளிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? ரயிலிலை ஏறி மெசினா மட்டும் போறதோ? அங்கை துறைமுகம். பொலிஸ் கூட நிக்கும். பிடிச்சாங்களெண்டால் நேரை விமானந்தான்," என்றார்.

"மாட்டனெண்டால் வேறை ஆளை வைச்சிருவா, மச்சாள்."

மச்சாள் கோப்பைகளைக் கழுவி முடித்தார். பிறகு, "நல்ல சப்பாத்தாப் போடு. ஓடவேண்டி வந்தாலும் வரும்," என்றார்.

அந்த வசந்தத்தில் ரயிலில் மெசினாவுக்குப் போனோம். சின்யோரா வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் பரிசோதகரின் தொப்பி கண்ணாடிக்குள்ளால் தெரிந்ததும் எழுந்து போய்க் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டேன். என்னிடம் டிக்கெட் இருந்தது. கையில் கசங்கிக்கொண்டு இருந்தது. சின்யோரா வந்து கதவில் தட்டி, "உனக்கு வயிற்றோட்டமா?" என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கேட்டார். ஓம் என்று தமிழில் சொன்னேன்.

முதற்கல்லைக் கண்டுபிடிக்க வெகுநேரம் எடுத்தது. வீதி எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பத்திரிகைக் கடையின் பின்புறம், யாரோ சாத்தி வைத்த ஸ்கூட்டருக்குப் பின்னால் இருந்தது. இடுப்பளவுகூட இல்லாத கல். மேலே வளைவு. சுவரொட்டி ஒட்டி ஒட்டிக் கிழித்த தடம். நடுவே ஒரு பூச்சியம் மட்டும் வெட்டியிருந்தது. சின்யோரா கைலேஞ்சியை எச்சிலால் நனைத்துக் கல்லைத் துடைக்கத் தொடங்கினார். முகம் கழுவிவிடுவதுபோல் துடைத்தார். பத்திரிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தால் இன்னொருவர் பார்ப்பார், இன்னொருவர் பார்த்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் சீருடை வரும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் நகரசபைப் பொலிஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"என்ன செய்கிறீர்கள், சின்யோரா?"

"என் கணவரின் கல்லைத் துடைக்கிறேன்."

அவர் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவர்?"

"என்னோடு வந்தவள்," என்றார் சின்யோரா. நிமிரக்கூட இல்லை.

பொலிஸ்காரர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். நான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டேன். என்னோடு வந்தவள். பெர்மெசோ செய்கிற வேலையை அந்த இரண்டு சொற்கள் செய்துவிட்டன. திரும்பி வரும்போது ரயிலில் சின்யோரா என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டார். இந்தமுறை பரிசோதகர் வந்தபோது நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

கோடை முழுக்கச் சின்யோராவிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. பூசைக்குப் போகாத ஞாயிறன்று மகனிடம் பூசையைப் பற்றிக் கதைப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பாடு எப்போது என்று கேட்பார். எனக்கு இத்தாலியன் அரைகுறை. வினைச்சொற்களின் காலம் எனக்குப் பிடிபடாது. ஆகையால் அவர் சொன்னது ஒன்றும் நான் விளங்கிக்கொண்டது வேறொன்றும் என்றே எடுத்துக்கொண்டேன். ஒருமுறை என்னைத் தன் தங்கையின் பெயரால் கூப்பிட்டார். அதை அன்பு என்று நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில், திராட்சை வெட்டும் நாட்களில், கடைசிக் கல்லுக்குப் போவோம் என்றார். இந்தமுறை தன்னுடைய காரில். கணவர் விட்டுப்போன பழைய சின்னக் கார் கீழே தெருவில் தூசியடைந்து நின்றது. அவர் எப்போதாவது அதைக் கடற்கரை மட்டும் ஓட்டிப் போய் வருவார்.

"அதிவேகப் பாதையால் போனால் விரைவில் வந்துவிடலாமே," என்றேன். விரைவில் திரும்பவேண்டும் என்பது மட்டுமே என் கவலை.

"அது வீதியில்லை. அதில் கற்களுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை," என்றார்.

காலையில் வெளிக்கிட்டோம். நகரத்தின் மேற்குப் பக்கமாக, மொண்டெல்லோவுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டிப் பழைய வீதியில் போனோம். சின்யோரா வீதியின் நடுவே ஓட்டினார். எதிரே லொறி வந்தால் லொறிதான் ஒதுங்கியது. திராட்சை ஏற்றிய உழவு இயந்திரங்களை வளைவுகளில் முந்தினார். நான் இருக்கைப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊரிலுள்ள தெய்வங்களோடு மச்சாள் வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தையும் சேர்த்துக் கும்பிட்டேன். அவரோ ஒவ்வொரு கல்லைத் தாண்டும்போதும் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணுக்குத் தெரியாதபோது, "எத்தனை?" என்று கேட்பார். நான் வாசித்துச் சொல்வேன். தலையை ஆட்டுவார். அல்காமோவைத் தாண்டும்போது எனக்கே பயம் கொஞ்சம் இளகியிருந்தது. மலைச்சரிவெல்லாம் திராட்சை வெட்டுகிற ஆட்கள். ஒருவர்கூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசிக் கல் திராப்பானி நகரத்தின் வாசலில், ஒரு டயர் கடையின் மதிலோடு சரிந்து நின்றது. எண் அழிந்து, தடவினால் மட்டும் தெரிந்தது. அங்கே கட்டியிருந்த நாய் ஒன்று குலைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சின்யோரா முட்டைப் பொரியல் வைத்த பாணில் ஒரு துண்டை எனக்குத் தந்து, தானும் நின்றபடியே சாப்பிட்டார். பிறகு தன் கைப்பையைத் திறந்து ஒரு தூரிகையையும் சிறிய மைப் போத்தலையும் வெளியே எடுத்தார்.

"சின்யோரா, வேண்டாம். இது அரசாங்கத்தின் கல்," என்றேன்.

"அரசாங்கம் இதற்கு என்ன செய்திருக்கிறது, பார்," என்றார்.

குந்தி உட்கார்ந்து, நாக்கை உதட்டில் வைத்துக்கொண்டு எழுதினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் வீதிக்கு முதுகைக் காட்டி, என் பாவாடையால் அவரை மறைத்துக்கொண்டு நின்றேன். எழுதி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் பையில் போடத் தந்தார். நான் கல்லைப் பார்த்தேன். கல்லில் வெட்டியிருந்த எண் வேறு, அவர் மையால் எழுதியிருந்த எண் வேறு. அதைவிடச் சிறிய எண். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது.

"சின்யோரா, எண் பிழை," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பதுபோல இருந்தது. தூரிகையைத் துடைத்துவிட்டுக் காரில் ஏறினார். நான் ஓடிப்போய் மற்றப் பக்கத்தால் ஏறினேன். ஓடியிராவிட்டால் என்னை விட்டுவிட்டே போயிருப்பார்.

கொஞ்சத் தூரம் வந்ததும் கேட்டார்: "நீ யார்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

"என் காரில் என்ன செய்கிறாய்? உன்னை யார் ஏற்றியது?"

குரலில் பயம் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, கோடை முழுக்க நான் இத்தாலியனைப் பிழையாக விளங்கிக்கொள்ளவே இல்லை என்று. அவர் சொன்னவற்றை எல்லாம் சரியாகத்தான் விளங்கியிருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கைத்தொலைபேசி அப்போது எங்களைப் போன்றவர்களிடம் இல்லை. இருந்தாலும் யாரை அழைப்பது?

என் பெயரைச் சொன்னேன். மகனின் பெயரைச் சொன்னேன். அவர் இன்னும் வேகமாக ஓட்டினார். அப்போது ஒரு கல் வந்தது. வேறொன்றும் தெரியாமல் அதன் எண்ணைச் சத்தமாக வாசித்தேன். அவர் தோள் சற்றுத் தளர்ந்தது. அடுத்த கல். வாசித்தேன். தலையை ஆட்டினார். அப்படியே கல் கல்லாக வந்தோம். நடுவில் கதைக்க முயன்றால் திரும்பவும் முகம் இறுகும். எண்ணைச் சொன்னால் இளகும். அடுத்த கல் வரும்வரை மூச்சு விடவில்லை.

ஒரு சந்தியில் அவர் வலப்புறம் திரும்பினார். அதற்குப் பிறகு வந்த கல்லில் சின்ன எண் இருந்தது. அடுத்ததில் இன்னும் சின்னது. வடக்கு வீதியை விட்டு வேறு ஏதோ வீதியில் போய்க்கொண்டிருந்தோம். நான் அந்த எண்ணை வாசிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அவர் வீட்டில் பசியோடு இருப்பார். நேரம் போய்விட்டது," என்று மட்டும் சொல்லிக்கொண்டு மலை வளைவுகளில் வேகம் எடுத்தார். எதிரே வந்த ஒரு கார் ஹோர்ன் அடித்துக்கொண்டே மதிலை உரசிப் போனது. எனக்கு அழுகை வரவில்லை. சாகப்போகிறேன், கொழும்பில் லொட்ஜில் இருக்கிற என் கணவருக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்றுதான் மனதில் ஓடியது.

ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தபோது செம்மறிக்கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு வந்தது. கார் நின்றது. இடப்பக்கம் ஒரு பார், கோப்பிக் கடை. வாசலில் ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். வலப்பக்கம், பலெர்மோ என்று எழுதிய நீல பஸ் இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றது. கதவு திறந்திருந்தது. இறங்கி ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு மச்சாள் வீட்டில் இருப்பேன். யாருக்கும் என் பெயர் தெரியாது. என் கை கதவுப் பிடிக்குப் போனது. செம்மறிகளின் கடைசி வரிசை தாண்டிக்கொண்டிருந்தது. சின்யோரா கியரை மாற்றினார்.

நான் கையை எடுத்து, காரின் திறப்பைத் திருகி உருவிக்கொண்டேன்.

கார் ஒருதரம் துள்ளி நின்றது. சின்யோரா என் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, பாரில் இருந்தவர்களைப் பார்த்து, சத்தம் போடாமல், வழி கேட்பவரைப்போலச் சொன்னார்: "இந்தப் பெண் என் திறப்பை எடுத்துவிட்டாள். இவளை எனக்குத் தெரியாது."

கதிரைகள் நகர்ந்தன. நாலைந்து ஆண்கள் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "இறங்கு," என்றார். நான் இறங்கினேன். திறப்பைக் கொடு என்றார்கள். கொடுக்கவில்லை. உள்ளங்கையில் அது வெட்டிக்கொண்டு இருந்தது. பார்க்காரர் உள்ளே போய்த் தொலைபேசியை எடுப்பது தெரிந்தது. நீல பஸ் புறப்பட்டுப் போனது.

கரபினியேரிப் பொலிஸின் ஜீப் வந்து நின்றபோது என் தம்பி குந்தியிருந்தது போலவே நானும் குந்திவிட்டேன். யாரும் குந்தச் சொல்லவில்லை. கால்கள்தான் அப்படிச் செய்தன. மரேஷாலோ, அதாவது அந்த நிலையத்துப் பொறுப்பதிகாரி, நரைத்த மீசைக்காரர். என்னை எழும்பச் சொன்னார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்; தமிழ்தான் வந்தது.

"ஐயா, அவவுக்குச் சுகமில்லை. அவ கார் ஓடினால் செத்துப்போவா. நான் களவெடுக்கேல்லை, ஐயா."

ஒன்றரை வருடத்து இத்தாலியன் முழுக்க எங்கேயோ போய்விட்டது. ஒரு சொல் இல்லை. மரேஷாலோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார், விளங்குவதுபோல. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். மரேஷாலோ திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நான் என் பையைக் காரின் மூடியில் கொட்டினேன். சின்யோராவின் மாத்திரைகள், மாற்றுக் காலுறை, தண்ணீர்ப் போத்தல், அவரது மூக்குக்கண்ணாடி. டயர் கடையடியில் எழுதி முடித்ததும் கழற்றி என்னிடம் தந்திருந்தார். நானும் மறந்து, அவரும் மறந்து, அத்தனை தூரமும் அவர் கண்ணாடி இல்லாமல் ஓட்டி வந்திருக்கிறார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்து யன்னலடிக்குப் போனேன். ஒரு கரபினியேரி என்னை மறிக்க வந்தார். மரேஷாலோ கையைக் காட்டி விடச் சொன்னார்.

சின்யோரா என்னை யாரென்று தெரியாமலே பார்த்தார். ஆனால் கண்ணாடியைக் கொண்டுபோனதும், ஒவ்வொரு காலையும் செய்வதுபோல நாடியை உயர்த்திக் கண்களை மூடிக்கொண்டார். நான் முதலில் இடது காதிலும் பிறகு வலது காதிலும் மாட்டி, மூக்கில் இருத்திவிட்டேன். அவர் கண்களைத் திறந்து, "நன்றி," என்றார்.

மரேஷாலோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சரி, எல்லோரும் போய் உங்கள் கோப்பியைக் குடியுங்கள்," என்றார். என்னிடம் கையை நீட்டினார். திறப்பைக் கொடுத்தேன்.

நிலையத்தில் மகனின் தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொன்னேன். அப்போது இத்தாலியன் எண்கள் திரும்பி வந்திருந்தன. மரேஷாலோ மகனுடன் நெடுநேரம் கதைத்தார். சின்யோரா ஒரு வாங்கில் படுத்து நித்திரையாகிவிட்டார். மரேஷாலோ தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் தாள்கள்?"

"இல்லை," என்றேன். பொய் சொல்ல நாக்கில் பலம் இருக்கவில்லை.

அவர் என் பெயரைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். ஏதோ எழுதினார். எனக்குச் சீனி நிறையப் போட்ட ஒரு கோப்பி வந்தது. கோப்பையைப் பிடிக்க முடியாமல் மேசையில் வைத்தபடியே குனிந்து குடித்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு இளம் கரபினியேரி சின்யோராவின் காரிலேயே எங்களைப் பலெர்மோவுக்குக் கூட்டிவந்தார். பின் இருக்கையில் சின்யோரா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை: சின்யோராவை வீட்டில் விட்டுவிட்டு என்னைக் குவெஸ்தூராவுக்கு, அந்தப் பெரிய பொலிஸ் கந்தோருக்குக் கொண்டுபோவார்கள். நகரத்துக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் இதுதான் அந்தத் தெரு என்று நினைத்தேன். கார் வீட்டு வாசலில் நின்றது. இளைஞர் திறப்பை என் கையில் வைத்தார்.

"மகன் நாளைக் காலை விமானத்தில் வருகிறார். சின்யோராவுக்குச் சூடாக ஏதாவது கொடு. காரை மட்டும் ஓட்ட விடாதே," என்றார். பஸ் தரிப்பு எங்கே என்று என்னிடமே கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகன் வந்தார். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கல்லில் எழுதிய எண்ணை நான் சொன்னபோது முகம் மாறியது. அது அவர்கள் முன்பு இருந்த செந்நிற வீட்டு வாசற்கல்லின் எண் என்றார். மகன் பிறந்த வீடு. தகப்பன் வேலையால் வரத் தாமதித்தால் தாய் அந்தக் கல்லடியில்தான் போய் நிற்பாராம்.

"ஏன் எனக்கு முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"எனக்கு மொழி விளங்கவில்லை என்று நினைத்தேன்," என்றேன். அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு மச்சாள் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "பஸ் கதவு திறந்து கிடந்ததெண்டு சொல்லுறாய். ஏறியிருக்கலாமே?"

"அவ காரை எடுத்திருப்பா, மச்சாள்."

"எடுத்திருப்பாதான்," என்றார். பிறகு என்னைத் திட்டவில்லை.

பயம் அதோடு போகவில்லை. அந்த மரேஷாலோ என் பெயரை எழுதினாரே. வாரக்கணக்காக, கீழே மணி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றேன். படிகளில் பாரமான சப்பாத்துச் சத்தம் கேட்டால் மச்சாளின் கணவர்தான் என்று தெரிந்தாலும் மூச்சை அடக்குவேன். அந்த மாரியில் தாள் இல்லாதவர்களுக்குப் பதிவு கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. வேலை கொடுத்தவர் கையெழுத்து வைக்கவேண்டும். தாயை மிலானோவுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்த மகன், நான் கேட்குமுன்பே கையெழுத்து வைத்தார்.

குவெஸ்தூரா வாசலில் விடிய முன்னமே வரிசை. எங்கள் ஆட்கள், பங்களாதேஷ் ஆட்கள், ஆபிரிக்கர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றோம். கைகள் குளிரில் விறைத்தன. உள்ளே போய் என் முறை வந்தபோது அதிகாரி என் பெயரைக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். திரும்பவும் தட்டினார். மரேஷாலோ எழுதியது அங்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். என் காதுக்குள் இரத்தம் அடிக்கிற சத்தத்தில் அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அவர் மீண்டும் கேட்டார்: பெயரில் இந்த எழுத்து ஒன்றா, இரண்டா?

"இரண்டு," என்றேன்.

முத்திரை விழுந்தது. மரேஷாலோ எழுதியதை என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வருடம் என் கணவர் வந்து சேர்ந்தார். சீசாவிலேயே தனி வீடு எடுத்தோம். சின்யோராவின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலவேளை தொலைபேசி எடுப்பார், தாயிடம் கொடுப்பார். சின்யோரா என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கதைத்தார். தங்கை எப்போதோ செத்துப்போனவர். நானும் தங்கையாகவே பதில் சொன்னேன். பிள்ளைகள் சாப்பிட்டார்களா, அடுப்பு புகைக்கிறதா என்றெல்லாம் கேட்பார். கடைசியாகக் கதைத்தபோது குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"கடல் இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

எங்கள் யன்னலிலிருந்து கடல் தெரியாது. எதிர்வீட்டுப் பல்கனியில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அமைதியாக இருக்கிறது," என்றேன்.